வேலூர் வெயிலும் முகத்துக் கருப்பும்

என் பெரியம்மாவுக்கு அறுபத்துமூன்று வயது. அணைக்கட்டுப் பக்கத்தில் ஒரு கிராமம். கத்தரி, நிலக்கடலை, ஏரியில் தண்ணீர் இருந்தால் ஒரு போகம் நெல் என்று நாற்பது வருஷமாகக் கழனியிலும் கொல்லையிலும் நின்றவர். போன தை மாதம், பேத்தி கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேலூருக்கு வந்தவர் எங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "வயசானா வர்ற கருப்புதான்டா இது. ஆனாலும் கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் போனா நல்லாருக்கும். எதாச்சும் கிரீம் இருந்தா வாங்கினு வாயேன்" என்றார்.

கிரீம் வாங்கப் போகவில்லை. தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் விளக்கு வைத்த ஒரு சின்ன உருப்பெருக்கியைத் தோலின் மேல் வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "பாட்டிம்மா, உங்க முகத்துலயும் கையிலயும் அஞ்சு விதமான கருப்பு இருக்கு. வெயிலால வர்ற வயசுப் புள்ளின்னு சொன்னா அதுல ஒண்ணுதான்."

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன். தோலுக்கு நிறம் தரும் மெலனின் பற்றிப் பாடம் எடுக்கிறேன். அப்படியிருந்தும் பெரியம்மாவின் முகத்தை ஒரே கருப்பாகத்தான் இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாமல் மருந்து போடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு படித்ததையும் கேட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் உண்மையான வெயில் புள்ளி எது என்று பார்த்துவிடலாம். தட்டையாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. வெளிர் பழுப்பிலிருந்து காப்பி நிறம் வரை, ஓரம் தெளிவாக, மிளகு அளவிலிருந்து பத்துப் பைசா அளவு வரை வரும். புறங்கை, முன்கை, கன்னத்து எலும்பு, நெற்றி, மேல்முதுகு என்று வருஷக்கணக்கில் வெயில் பட்ட இடங்களில் மட்டும்தான் வரும். புடவைத் தலைப்பு மூடிய இடத்தில் வராது. வலிக்காது, அரிக்காது, புற்றுநோயாகவும் மாறாது. வெள்ளைக்காரர்கள் ஒருகாலத்தில் இதைக் கல்லீரல் புள்ளி என்று அழைத்தார்கள். நம் ஊரில் உடம்புச் சூடு, பித்தம் என்பார்கள். கல்லீரலுக்கும் பித்தத்துக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை.

இது உருவாகும் விதம் எனக்கு எப்போதும் வியப்பு தருவது. மேல்தோலின் அடி வரிசையில் மெலனின் தயாரிக்கும் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மரக்கிளை மாதிரி நீண்ட கைகள் உண்டு. அந்தக் கைகளால் சுற்றியிருக்கும் முப்பது, நாற்பது தோல் செல்களுக்கு மெலனின் துகள்களை ஊட்டிவிடுகிறது. வாங்கிக்கொண்ட செல் அந்தத் துகள்களை எங்கோ ஒரு மூலையில் போட்டு வைப்பதில்லை. தன் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகப் பார்த்துக் குவித்து வைக்கிறது. அதாவது, உள்ளே இருக்கும் மரபுப்பொருளுக்கு ஒவ்வொரு செல்லும் ஒரு குடை பிடிக்கிறது. கருப்புத் தோலுக்கும் வெளுப்புத் தோலுக்கும் மெலனின் செய்யும் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமே கிடையாது. துகள்களின் அளவு, அவை பரவியிருக்கும் விதம், மெலனினின் வகை, இவற்றில்தான் வித்தியாசம்.

வெயில் பட்டால் இந்த வேலை வேகமாகும். வெயில் குறைந்தால் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பும். கோடை விடுமுறையில் கறுத்துப்போன பிள்ளைகள் ஆடி, ஆவணிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிடுவது இதனால்தான். ஆனால் இருபது, முப்பது வருஷம் ஒரே இடத்தில் புற ஊதாக் கதிர் அடித்துக்கொண்டே இருந்தால், அந்த இடத்துச் செல்களின் மரபுப்பொருளில் சின்னச் சின்ன மாற்றங்கள் நிலைத்துப்போகின்றன. மெலனின் செய்யும் செல்கள் கொஞ்சம் பெருகுகின்றன, வாங்கிக்கொள்ளும் செல்களும் துகள்களை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வெயில் நின்ற பிறகும் உற்பத்தி நிற்பதில்லை. அந்த மாதிரி ஒரு திட்டுதான் வெயில் புள்ளி. ஐம்பது வயதில் தெரிகிற புள்ளிக்கான வேலை இருபது வயதிலேயே தொடங்கியிருக்கும்.

இனி நம் ஊர் வெயில். வேலூரை 'வெயிலூர்' என்று சொல்லிச் சொல்லியே எல்லோருக்கும் பழகிவிட்டது. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள், மணலாகக் கிடக்கும் பாலாறு, மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டும் பகல். கத்திரி வெயில் என்றால் மே 4 முதல் 28 வரை என்று நமக்கு மனப்பாடம். ஆனால் தோலைக் கறுக்க வைப்பது சூடு அல்ல, புற ஊதாக் கதிர். இரண்டும் வேறு. சூடு காற்றையும் பாறையையும் மேகத்தையும் பொறுத்தது. புற ஊதாக் கதிரின் வீரியம் முக்கியமாகச் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வேலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 13 டிகிரியில் இருக்கிறது. அதனால் வருஷத்தில் இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும், உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வருகிறது. ஆகஸ்டில் காற்றும் மேகமுமாகச் சூடு குறைந்திருக்கும். நாமும் குடையை மடக்கிவிடுவோம். மேகம் விலகிய நேரத்தில் சித்திரையில் இறங்கும் அதே அளவுக் கதிர்தான் அப்போதும் இறங்குகிறது.

இதை அளக்கக் கருவி வேண்டாம், நிழல் போதும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளை வைத்து மைதானத்தில் இதை அளந்திருக்கிறேன். மார்ச் மாதத்தில் காலை ஒன்பதரை மணி சுமாருக்கு நிழல் உயரத்தைவிடக் குறையத் தொடங்குகிறது, மூன்று மணி வரை குட்டையாகவே இருக்கிறது. மார்கழியில்கூட நம் ஊரில் உச்சிவேளை நிழல் ஆளைவிடக் குட்டைதான். "இப்ப என்ன வெயிலா அடிக்குது" என்று நாம் சொல்லும் மாதங்களிலும் தோலுக்கு வெயில்தான்.

புற ஊதாக் கதிரிலும் (ஆங்கிலத்தில் யுவி) இரண்டு வகை நம்மை வந்து சேர்கிறது. யுவி-பி தோலைச் சுடுகிறது, செல்லின் மரபுப்பொருளை நேரடியாகத் தாக்குகிறது. யுவி-ஏ இன்னும் ஆழமாக இறங்கி நிறத்தைக் கூட்டுகிறது, சுருக்கத்தையும் தருகிறது. ஜன்னல் கண்ணாடி யுவி-பியைப் பெரும்பாலும் தடுத்துவிடும், யுவி-ஏயில் நிறையவே உள்ளே விட்டுவிடும். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இருபது வருஷம் லாரி ஓட்டிய மாமா ஒருவர் எங்களுக்கு ஆம்பூரில் இருக்கிறார். அவரைப் பார்த்தால் இது புரியும். வலது முன்கையும் வலது கன்னமும் ஒரு நிறம், இடது பக்கம் வேறு நிறம். நம் நாட்டில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார், அந்த ஜன்னல் வழியாகத்தான் அவருக்கு வெயில். முன்பக்கக் கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டிச் செய்தது, அது யுவி-ஏயையும் நன்றாகத் தடுக்கும். பக்கத்துக் கண்ணாடி அப்படியல்ல.

இவ்வளவு வெயில் இருந்தும், வெள்ளைத் தோல்காரர்களோடு ஒப்பிட்டால் உண்மையான வெயில் புள்ளி நம்மிடம் குறைவு. அவர்களில் அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு இது உண்டு. நம் தோலில் அந்தக் குடை முதலிலிருந்தே பெரியது. அதனால்தான் வெளிநாட்டு விளம்பரத்தில் 'வயசுப் புள்ளி' என்று காட்டுவதைப் பார்த்து நம் முகத்துக் கருப்புக்கும் அதே வைத்தியம் பார்ப்பது பெரும்பாலும் தப்பாகப் போகிறது. நம் முகத்தில் தெரிவது பல சமயம் வேறொன்று.

பெரியம்மாவுக்கு இருந்த மற்ற நான்கையும் சொல்கிறேன்.

இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி பரவியிருந்தது மங்கு. புள்ளி அல்ல, படர்ந்த நிழல். பெண்களுக்குத்தான் அதிகம். கர்ப்ப காலத்தில் தொடங்கும், கருத்தடை மாத்திரையாலும் வரும், பரம்பரையாகவும் வரும். வெயில் அதைக் கூட்டும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சம்கூட நம் மாதிரி தோலில் மங்கைக் கூட்டும் என்பது பலருக்குத் தெரியாது.

கண்ணோரத்திலும் கன்ன மேட்டிலும் கடுகு கடுகாக ஒட்டியிருந்தவை மேடான சின்னக் கட்டிகள். விரலில் தட்டுப்படும். கருப்புத் தோலில் குடும்பம் குடும்பமாக வரும் இவை மரபின் வேலை, எந்தக் கிரீமுக்கும் கரையாது. நெற்றிப் பொட்டில் மெழுகை உருட்டி ஒட்டியது மாதிரி சொரசொரப்பாக ஒன்று இருந்தது. அதை ஊரில் மரு என்பார்கள். வயதானால் மேல்தோல் தடித்து வரும் தீங்கில்லாத வளர்ச்சி அது. சீப்பில் மாட்டி அவ்வப்போது ரத்தம் வருகிறது என்று பெரியம்மா சொன்னார்.

எனக்கு எதிர்பாராததாக இருந்தது நான்காவதுதான். முடி எல்லையை ஒட்டி, நெற்றி ஓரத்திலும் காதுக்கு முன்னாலும் சாம்பல் கலந்த கருப்பாக ஒரு கரை. அதையும் வெயில் என்றுதான் நினைத்தோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "தலைக்கு டை அடிக்கிறீங்களா?" பெரியம்மா மாசத்துக்கு இரண்டு முறை அடிக்கிறார். கருப்புச் சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்கு ஒவ்வாமை தருகிறது. சிலருக்கு அரிப்போ சிவப்போ பெரிதாக இல்லாமல் மெல்ல மெல்லக் கருப்பாக மட்டுமே அது வெளிப்படும். குங்குமத்தில் சேர்க்கும் சாயங்களும், ஒட்டும் பொட்டின் பசையும்கூட நெற்றியில் இதைச் செய்யும். ஐம்பது வயதில் முடி நரைக்கிறது, டை அடிக்கத் தொடங்குகிறோம், முகம் கறுக்கிறது, வயதாகிவிட்டது என்று முடிவுகட்டுகிறோம். இதற்கு மருந்து போட்டுக்கொண்டே டையும் அடித்துக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் போகாது.

பெரியம்மாவுக்கு இல்லாத, ஆனால் நம்மிடம் நிறையப் பார்க்கும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி மாதிரி தடித்து வரும் கருப்பு. அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடால் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பணியவில்லை என்பதன் அடையாளம் அது. அதற்குத் தேவை சர்க்கரைப் பரிசோதனையும் எடைக் குறைப்பும். பதினாலு வயதுப் பிள்ளைகளின் கழுத்தில் இதை வகுப்பறையில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். அதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

வட ஆற்காட்டுக்காரர்களிடம் தோலில் ஒரு திட்டு என்றாலே உள்ளுக்குள் இன்னொரு பயமும் எழும். தொழுநோய் மிகுந்திருந்த மாவட்டம் இது. காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை 1955-ல் தொடங்கப்பட்டதற்கே அதுதான் காரணம். வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையை உலகுக்குக் காட்டியதும் இதே மண்ணில்தான். பெரியம்மா தலைமுறையில் எத்தனையோ பேர் ஒரு தேமலைக்கூட மறைத்து மறைத்து வாழ்ந்திருக்கிறார்கள். அதனால் தெளிவாகவே சொல்கிறேன். தொழுநோய்த் திட்டு பொதுவாக வெளிறியோ சிவந்தோ இருக்கும், அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெயில் புள்ளி பழுப்பாக இருக்கும், உணர்ச்சி முழுதாக இருக்கும். தொழுநோய்க்குக் கொடுக்கும் கூட்டு மருந்தில் குளோஃபாசிமின் என்ற ஒன்று தோலைச் செம்பழுப்பாகக் கறுக்க வைக்கும் என்பதும் உண்மை. அது மருந்தின் நிறம், நோயின் நிறம் அல்ல. மருந்து முடிந்து பல மாதங்களில் மெல்ல வெளுத்துவிடும். அந்தக் கருப்புக்குப் பயந்து மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது.

சரி, சிகிச்சைக்கு வருவோம். மருத்துவர் எழுதிய சீட்டில் முதல் வரி மருந்தல்ல, நிழல். வெயில் தொடரும் வரை மேலே எதைத் தடவினாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். இதற்குச் சிறந்த சாதனம் நம் ஊரிலேயே இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேலே கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நெருக்கமாக நெய்த பருத்திச் சட்டை வியர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசவும் வேண்டாம். அந்தச் சட்டையைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும். சன்ஸ்கிரீன் நிறுவனங்கள் செய்ய முயல்வதை இவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள். குடை என்றால் கருப்புத் துணிக் குடை. சூடு குறைவாகத் தெரிகிறது என்று வெள்ளைக் குடை வாங்குகிறோம், ஆனால் கதிரை அதிகம் தடுப்பது கருப்புதான்.

மூட முடியாத முகத்துக்கும் புறங்கைக்கும்தான் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். என்ற எண் யுவி-பிக்கான கணக்கு. 15 என்றால் ஏறத்தாழ 93 சதவீதம், 30 என்றால் 97, 50 என்றால் 98 சதவீதம் தடுக்கும். முப்பதுக்கு மேலே எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதில் லாபம் சொற்பம். சோதனைச் சாலையில் இந்த எண்ணைக் கணக்கிடும்போது பூசும் அளவில் நாம் பாதிகூடப் பூசுவதில்லை, கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். டப்பாவில் யுவி-ஏ பாதுகாப்பும் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மங்கு இருப்பவர்கள் தோல் நிறத்திலேயே வரும், இரும்பு ஆக்சைடு சேர்த்த வகையைக் கேட்டு வாங்கலாம். சாதாரண வெளிச்சத்தைத் தடுப்பது அதுதான்.

இனி கிரீம்கள். இந்த இடத்தில் பெரியம்மா ஒரு உண்மையை ஒப்புக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு மருந்துக்கடையில் முகத்துக் கருப்புக்கு என்று கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டிருக்கிறார். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் முன்னைவிடக் கறுத்து, எரிச்சலும் சேர்ந்தது. மறுபடி போட்டார். அப்படியே ஏழெட்டு மாதம். டியூப்பின் படத்தைக் கைப்பேசியில் தேடிக் காட்டியதும் மருத்துவர் தலையை ஆட்டினார். அதில் இருந்தது ஸ்டீராய்டு கலந்த கூட்டு மருந்து.

இந்தக் கூட்டு மருந்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1975-ல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் கலந்தால் மெலனின் குறைவதைக் காட்டினார்கள். ஹைட்ரோகுவினோன் மெலனின் செய்யும் நொதியைத் தடுக்கிறது. வைட்டமின் ஏ-யின் உறவான டிரெட்டினாயின் பழைய செல்களைச் சீக்கிரம் உதிர வைக்கிறது. ஸ்டீராய்டு எரிச்சலை அடக்குகிறது. மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு மட்டும் என்றால் நல்ல மருந்துதான். நம் நாட்டில் அது முகப்பூச்சாகிவிட்டது. மாதக்கணக்கில் முகத்தில் ஸ்டீராய்டு போட்டால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரியும், பரு வரும், பெண்களுக்கு முகத்தில் முடி முளைக்கும், நிறுத்தினால் முகம் பற்றி எரியும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது, ஆனால் பழக்கம் இன்னும் போகவில்லை. டியூப்பில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் முகத்தில் வைக்காதீர்கள்.

ஹைட்ரோகுவினோனைப் பற்றித் தோல் தொழிற்சாலைகள் நிறைந்த நம் பகுதிக்காரர்கள் தெரிந்துகொள்ள ஒரு செய்தி உண்டு. 1930களின் கடைசியில் அமெரிக்காவில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் ரப்பர் கையுறை போட்டு வேலை செய்தவர்களின் கைகள் திட்டுத்திட்டாக வெளுத்தன. ரப்பர் கெடாமலிருக்கச் சேர்த்த ஒரு ரசாயனம் மெலனின் செல்களையே கொன்றிருந்தது. அந்த ரசாயனத்தின் மென்மையான உறவுதான் ஹைட்ரோகுவினோன். அதையும் வருஷக்கணக்கில் விடாமல் போட்டால் நேர்மாறாக நடக்கும். தோலின் ஆழத்தில் நீலம் கலந்த கருப்பு படியும், அதை எடுப்பது மிகக் கடினம். எனவே ஒரு அளவுக்கு மேல் வேண்டாம். நீண்ட காலத்துக்கு அசெலாயிக் அமிலம், வைட்டமின் சி, நியாசினமைடு போன்ற மென்மையானவை உண்டு. பலன் மெதுவாகத்தான் தெரியும். மேல்தோல் புதிதாக மாற ஒரு மாதத்துக்கு மேலாகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல். இரண்டு, மூன்று மாதம் ஆகாமல் எந்த மருந்தையும் எடைபோட முடியாது. டிரெட்டினாயினைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது.

பத்து நாளில் வெளுக்க வைக்கும் கிரீம் என்று பெயரோ உட்பொருளோ எழுதாமல் வருபவற்றில் பாதரசம் இருக்கலாம். பாதரசம் மெலனினை நிறுத்தும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கால் வீங்கி, சிறுநீரில் நுரை நுரையாகப் புரதம் போகத் தொடங்கிய பிறகே பலருக்குக் காரணம் தெரிகிறது.

வீட்டு வைத்தியத்திலும் இரண்டு எச்சரிக்கை. கருப்புக்கு எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொல்வது எங்கும் பரவியிருக்கிறது. எலுமிச்சையில், முக்கியமாகப் பழத்தோலில், வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுக் கறுக்க வைக்கும் பொருள் இருக்கிறது. சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் கருப்பு கூடும், கொப்புளமும் வரலாம். இதே வகைப் பொருள்தான் கார்போக அரிசி என்ற விதையிலும் இருக்கிறது. வெண்புள்ளிக்கு அதைக் காலங்காலமாகக் கொடுத்து வந்ததன் ரகசியம் இதுதான், வெயிலோடு சேர்ந்து அது நிறத்தைத் தூண்டுகிறது. அந்த அரிசியைத்தான் பல வீடுகளில் நலங்கு மாவிலும் குளியல் பொடியிலும் சேர்த்து அரைக்கிறார்கள். வாசனைக்கு நல்லது, எனக்கும் பிடிக்கும். ஆனால் மங்கோ வெயில் புள்ளியோ இருப்பவர்கள் பொடி அரைக்கும்போது அதை மட்டும் விட்டுவிடுவது நல்லது. மஞ்சள், பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் இருக்கட்டும்.

உறைய வைப்பது, லேசர் இரண்டையும் பற்றி நிறைய விளம்பரம் பார்க்கிறோம். உறைய வைப்பதற்குத் திரவ நைட்ரஜன், அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி. மெலனின் செய்யும் செல்கள் மைனஸ் 5 டிகிரி வாக்கிலேயே செத்துவிடும், மற்றத் தோல் செல்கள் இன்னும் ஆழ்ந்த குளிரையும் தாங்கும். அதனால் ஒரு சில விநாடி தெளித்தால் புள்ளி போய்விடும். வெள்ளைத் தோலில் இது கச்சிதம். நம் தோலில் கை கொஞ்சம் அதிகமானால் கருப்புப் புள்ளி இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிரந்தரமாக நிற்கும். லேசரும் அப்படித்தான். ஒளியை மெலனின் உறிஞ்சிக்கொள்கிறது, ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் அந்தத் துகள் வெடித்துச் சிதறுகிறது, சுற்றியிருக்கும் தோலுக்குச் சூடு பரவ நேரம் கிடைப்பதில்லை. ஆனால் நம் தோலில் புள்ளிக்குள் மட்டுமா மெலனின் இருக்கிறது? சுற்றிலும் இருக்கிறதே. அதுவும் ஒளியைப் பிடிக்கும், சூடாகும், புண்ணாகும், புண் ஆறும்போது முன்னைவிடக் கறுக்கும். கருத்த தோலில் லேசர் கையாண்டு அனுபவம் உள்ளவரிடம், முதலில் ஒரு சின்ன இடத்தில் செய்து பார்த்து, ஒரு மாதம் காத்திருந்து அப்புறம் தொடரலாம். மங்குக்கு லேசர் முதல் சிகிச்சையே அல்ல, பல சமயம் திரும்ப வந்துவிடும். "ஒரே சிட்டிங்கில் போய்விடும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தள்ளிப்போடக் கூடாத சில அடையாளங்கள் உண்டு. சில மாதங்களில் பெரிதாகிக்கொண்டே போகும் புள்ளி, ஒரே புள்ளிக்குள் பல நிறம், ஒழுங்கில்லாத ஓரம், தானாக ரத்தம் கசிவது, ஒரு மாதமாகியும் ஆறாத புண். மூக்கருகிலோ கண்ணருகிலோ முத்து மாதிரி மினுமினுக்கும் கருப்புக் கட்டி, நடுவில் புண்ணாகி வந்தால், அது வெயிலால் வரும் ஒரு வகைத் தோல் புற்றாக இருக்கலாம். சீக்கிரம் பார்த்தால் முழுதாக எடுத்துவிடலாம். நம் மக்களுக்கு மெலனோமா என்ற கொடிய புற்று அரிது. வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருகிறது. வெறுங்காலோடு கழனியில் நடக்கும் நாம் முகத்தை ஆயிரம் தடவை பார்க்கிறோம், உள்ளங்காலைப் பார்ப்பதே இல்லை. இதைக் காட்டப் பெரிய செலவு ஆகாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது.

பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நெற்றிப் பொட்டில் இருந்த மருவை மரத்துப்போக ஊசி போட்டு, சூட்டுக்கோல் மாதிரி ஒன்றால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள். கண்ணோரத்துக் கட்டிகளைத் தொட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அவருடைய அம்மாவுக்கும் அதே இடத்தில் இருந்ததாம். டையை நிறுத்தினார். கல்யாணத்தில் நரைத்த தலையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது எங்கள் எல்லோருக்குமே புதுசாக இருந்தது. மங்குக்கும் கன்னத்துப் புள்ளிக்கும் சன்ஸ்கிரீனும் அசெலாயிக் கிரீமும். நாலு மாதத்தில் கன்னத்துப் புள்ளி பாதி வெளுத்திருக்கிறது. நெற்றிக் கரை மெல்லக் கலைகிறது. புறங்கைப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. ஒரு நாளைக்கு இருபது தடவை சாணியிலும் தண்ணீரிலும் கையை வைக்கிறவருக்குக் கையில் பூசிய எந்தக் கிரீம் நிற்கும்?

போன வாரம் ஊரிலிருந்து போன் செய்தார். கத்தரி அறுப்பு நடக்கிறதாம். பேசி முடிக்கும்போது, "வர்றப்ப கிரீம் வாணாம், இருக்குது. உங்க பெரியப்பா சட்டை கை கிழிஞ்சிபோச்சி. முழுக்கை சட்டையா ஒண்ணு, விரல் வரைக்கும் வர்ற மாதிரி நீளமா பார்த்து வாங்கினு வா" என்றார்.